மஞ்சள் மாத்திரை

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பூங்காவனத்தின் இடது காலிலிருந்து செருப்பு கழன்றது. அவளுக்கு அது தெரியவில்லை.

மாணிக்கவாசகம் வீட்டு முன் அஞ்சடித் தாழ்வாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாரியம்மன் கோயிலிலிருந்து அவர் அக்கா பூங்காவனம் வந்துகொண்டிருந்தாள். கையில் விபூதி மடித்த தாள். செருப்பு சாக்கடை ஓரத்தில் கிடந்தது. அதை விட்டுவிட்டு நடந்தாள். ஒரு கால் செருப்பில், ஒரு கால் சரளைக்கல்லில். காஜா பேராங் சாலையின் கடைசி ஐம்பது அடியையும் அப்படியே நடந்து வந்து படியேறினாள்.

“பசியாறிட்டியா, தம்பி?”

“செருப்பு எங்கேக்கா?”

“கால்லதான்.” சொல்லிவிட்டுக் குனிந்தாள். பார்த்த பிறகுதான் சிரித்தாள். “அட கழுதை. சொல்லாமப் போயிருச்சே.”

அவளை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. படியில் மூன்று இடத்தில் ரத்தம் பதிந்திருந்தது. இடுக்கியை வெந்நீரில் போட்டெடுத்துச் சில்லைப் பிடித்து இழுத்தார். ஆழமாகத்தான் இறங்கியிருந்தது.

“சொதந்திரம் வருதில்ல, மெர்டேக்காவுக்குக் கோயில்லயும் கொடி ஏத்தணுமாம்” என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். “பண்டாரத்துக்கும் கோயில் தலைவரு நடராஜனுக்கும் காலங்காத்தால சண்டை. அம்மன் கொடி மேலயா, கவர்மெண்டு கொடி மேலயான்னு. நான் சொன்னேன், ரெண்டுக்கும் ஒரே உயரத்துல கம்பு வெட்டுங்கடான்னு.”

சில்லு வெளியே வந்தது. பேச்சு நிற்கவில்லை.

இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரி டிரஸராக இருந்தவர் அவர். புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் கால்களுக்கு மருந்து கட்டியே தலை நரைத்தவர். முள்ளைப் பிடுங்கும்போது பேச்சு நிற்காத ஆட்களை இதற்கு முன் குஷ்டரோகிகளிடம் மட்டுமே பார்த்திருந்தார். அக்காவுக்குக் குஷ்டம் இல்லை. அது தெரியும். வேறு என்னவென்பதும் பாதி தெரியும். அந்தப் பாதியை ஐந்து மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்திருந்தார். முதலில், காலில் எறும்பு ஊர்வதாகச் சொன்னாள். பிறகு, பஞ்சில் மிதிப்பது போல இருக்கிறதென்றாள். வயசு என்றார். அறுபத்தாறு வயசு. அவளும் வயசு என்று ஒத்துக்கொண்டாள்.

“கிளம்புக்கா” என்றார். “தெங்கேராவுக்குப் போய் டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்.”

“இந்தச் சில்லுக்கா? வீட்டுல டிரஸர் இருக்கும்போது டாக்டருக்கு என்ன கேடு?”

* * *

அதற்கு இரண்டு வருடம் முன்பு அக்கா வெளுத்துப்போனாள். வெளுப்பிலே ஒரு மஞ்சள் ஓடியிருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாக்கை நீட்டச் சொன்னார். பச்சைக் குழந்தையின் நாக்கு போலச் சிவந்து வழவழவென்றிருந்தது. அவர் படித்த புத்தகத்தில் அந்த நாக்குக்கு ஒரே மருந்துதான். ஈரல். வேகவைத்த ஈரல், இல்லாவிட்டால் ஈரல் சாற்று ஊசி.

அக்கா ஈரலைத் தொடமாட்டாள். அதற்குக் காரணம் அவரேதான்.

நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றினான். டிரஸரையும் ஏற்றினான். லாரி போன அன்றைக்கே அக்கா மாரியம்மன் முன் விழுந்தாள். புருஷனும் பிள்ளையும் இல்லாதவள், தம்பி ஒருத்தன்தான். அவன் உயிரோடு திரும்பினால் கவிச்சியை விட்டுவிடுகிறேன் என்றாள். முட்டையையும் விடுகிறேன் என்றாள். வருஷா வருஷம் உனக்குப் பால் குடம் எடுக்கிறேன், அன்றிலிருந்து பால் உனக்குத்தான், எனக்கில்லை என்றாள். மோரும் இல்லை, நெய்யும் இல்லை.

அவர் திரும்பினார். அவரோடு போன எழுபது பேரில் ஒன்பது பேர் திரும்பினார்கள். அக்கா அன்றோடு விட்டாள். உடம்பு தேறியதும் அவர் சொல்லிப் பார்த்தார்.

“பாலையாவது குடிக்கா. சும்மா வேண்டிக்கிட்டதுதானே.”

“நீ சும்மாவா வந்தே?”

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆகவே நாக்கைப் பார்த்த அன்று அவர் ஈரலென்று வாயைத் திறக்கவில்லை. டவுனில் ஹனீபா பாயின் மருந்துக்கடைக்குப் போனார். ரத்தம் ஊற வைக்க ஈரல் கலக்காத மருந்து ஏதும் உண்டா என்று கேட்டார். பாய் ஒரு பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலை எடுத்து வைத்தார். சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரை. புது மருந்து, இலையிலிருந்து முதலில் எடுத்ததாம். சீட்டில் எழுதியிருந்ததை மாணிக்கவாசகம் இரண்டு தரம் படித்தார். ரத்தசோகைக்கு என்று இருந்தது. போதும் என்று நினைத்தார்.

ஆறு வாரத்தில் அக்காவின் முகத்தில் நிறம் வந்தது. நாக்கு ஆறியது. பால் குடத்தைத் தலையில் வைத்து நிற்காமல் நடந்தாள். பார்த்தவர்கள் எல்லாரும் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார்கள். “என் தம்பி கொடுக்கிறான்” என்றாள். அதிலிருந்து அவர் வீட்டு அஞ்சடியில் கூட்டம். தோட்டத்திலிருந்து பென்ஷன் ஆகி வந்தவர்கள், மகன் வீட்டில் மூலையில் உட்கார்ந்திருப்பவர்கள், முட்டி வலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள். எல்லாருக்கும் சத்து வேண்டியிருந்தது. சிலருக்கு மீன் எண்ணெய், சிலருக்கு பி வைட்டமின் ஊசி, கேட்டவர்களுக்கெல்லாம் மஞ்சள் மாத்திரை. சயாமில் சத்து இல்லாமல் கால் வீங்கிச் செத்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஒரு பிடி தவிட்டை ஊறவைத்துக் கொடுத்து எழுப்பியும் இருக்கிறார். சத்து கொடுத்தால் கெடுதல் வராது என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

* * *

டாக்டர் தேவதாஸ் அவரைவிட இருபது வயது இளையவர். ஒரு கவைக்கம்பியைத் தட்டி அதிரவிட்டு அக்காவின் கணுக்காலில் வைத்தார்.

“அதிருதாம்மா?”

“என்னது?”

முழங்காலில் வைத்தார். இடுப்பு எலும்பில் வைத்தார். அங்கேதான் அக்கா தலையாட்டினாள். பிறகு காலைச் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றாள். கண்ணை மூடச் சொன்னார். மூடினாள். அடுத்த நொடி சாய்ந்தாள். டாக்டர் பிடித்துக்கொண்டார்.

அவளை வெளியே நர்ஸிடம் உட்காரவைத்துவிட்டு டாக்டர் கதவைச் சாத்தினார்.

“என்ன கொடுத்துட்டு வர்றீங்க, டிரஸர்?”

மாணிக்கவாசகம் பாட்டிலை மேசைமேல் வைத்தார். டாக்டர் சீட்டைப் படித்தார்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம்.”

“ரத்தம் பார்க்கிறதுக்கு நல்லாத்தான் இருக்கு. அதுதான் வினை. இது ரத்தத்தை மட்டும் தேத்தும். நரம்புக்கு வேற சத்து வேணும். கவிச்சி, முட்டை, பால், இதுலதான் அது இருக்கு. இவங்க எதுவும் தொடறதில்லை. ரத்தம் வெளுத்துக்கிட்டே போயிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே என்கிட்ட தூக்கிட்டு வந்திருப்பீங்க இல்லையா?”

“ஆமா.”

“காவல் நாயோட வாயைக் கட்டிட்டீங்க. திருடன் உள்ளே இருந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டிருந்தான்.”

மாணிக்கவாசகம் கையை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“நடை திரும்புமா?”

“இன்னைக்கே ஆரம்பிச்சா இருக்கிறதைக் காப்பாத்தலாம். போனதுல கொஞ்சம் திரும்பலாம். ஆறு மாசம் தாண்டினா திரும்பாது. இப்ப அஞ்சு மாசம்னு சொல்றீங்க.”

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். தேயிலைச் சாயம் போல ஒரு திரவம். மாட்டு ஈரல் சாறு. ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி, பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று, ஆயுசு முழுக்க.

“புதுசா ஒண்ணு வந்திருக்கு. சிவப்பா இருக்கும். அதுல ஈரல் இல்லை, மண்ணுல இருக்கிற கிருமியை வளர்த்து எடுக்கிறாங்க. என்கிட்ட தீர்ந்துபோச்சு. சிங்கப்பூர் ஏஜென்டுகிட்டயும் இல்லை. லண்டன் கப்பல் வரணும். அஞ்சு வாரம் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். நான் காத்திருக்க மாட்டேன்.”

“அக்கா இதைப் போட்டுக்காது, டாக்டர்.”

“நான் போட்டா என்னன்னு கேப்பாங்க. கேட்டா நான் சொல்லிடுவேன். அதனாலதான் உங்க கையில கொடுக்கிறேன்.” டாக்டர் புட்டியைத் தாளில் சுற்றினார். “அதுக்கு மேல உங்க பாடு, உங்க அக்கா பாடு.”

ரிக்‌ஷாவில் திரும்பும்போது அக்கா கடை வாசல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கும் கொடி. சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட புதுக் கொடிகள்.

“உன் டாக்டர் பொல்லாத ஆளு” என்றாள்.

“ஏன்க்கா?”

“கண்ணை மூடுன்னு சொல்லிட்டுத் தள்ளிவிடறாரு. அப்புறம் புடிச்ச மாதிரி புடிக்கிறாரு. படிச்சவரு செய்யற காரியமா?”

“அவரு தள்ளலை.”

“பின்னே நானா விழுந்தேன்?”

அவர் சாலையைப் பார்த்தார். ரிக்‌ஷா குலுங்கியபோது அக்காவின் கால் பலகையிலிருந்து நழுவி வெளியே தொங்கியது. குனிந்து அதை எடுத்து உள்ளே வைத்தார். அவள் அதையும் கவனிக்கவில்லை.

* * *

அஞ்சடியில் மருதமுத்து உட்கார்ந்திருந்தார். செங் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் தண்டலாக இருந்து ஓய்ந்தவர். எழுபது வயது.

“என்னா டிரஸரே, கடையைப் பூட்டிட்டு ஊர் சுத்தறீங்க? மஞ்சள் முத்து தீந்து மூணு நாளாச்சு. உடம்பு கரகரங்குது.”

மாணிக்கவாசகம் அக்காவைக் கைபிடித்து உள்ளே அனுப்பிவிட்டு அவர் முன் உட்கார்ந்தார்.

“காலை நீட்டுங்க.”

“முத்து வாய்க்குத்தானே?”

“நீட்டுங்க. எறும்பு ஊருதா?”

“பொண்டாட்டி செத்ததிலிருந்து நம்ம மேல ஊர்றதுக்கு எறும்பை விட்டா யாரு இருக்கா?”

ஊசி முனையால் பெருவிரலைத் தொட்டார். மருதமுத்து துள்ளினார்.

“யோவ்! குத்தறியே!”

“மீன் சாப்பிடறீங்களா?”

“மீன் இல்லாம சோறு எறங்குமா? தினம் கெம்போங்தான். மருமகள் பொரிச்சா கரியாக்கிடும், அதையும் தின்னுடறது.”

மாணிக்கவாசகத்துக்கு மூச்சு வந்தது. சாலையில் அந்த மாத்திரை வாங்குகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். மீன் தின்னாதவர் ஒருவரும் இல்லை. பால் குடிக்காதவர் ஒருவரும் இல்லை. இரண்டு வருடமாக அவர் கொடுத்ததில் கெட்டுப்போகக்கூடிய உடம்பு அந்தச் சாலை முழுக்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைத் தேடிப் பிடித்து, தினம் காலையில் தண்ணீரோடு நீட்டியிருக்கிறார்.

“மாத்திரை இல்லை, அண்ணே. இனிமே கிடையாது. மீனையே சாப்பிடுங்க.”

“வேற யாருக்கோ வச்சிருக்கீங்க” என்று மருதமுத்து எழுந்தார். “நம்மளை ஏமாத்தாதீங்க, டிரஸரே. ஆள் பார்த்துக் கொடுக்கிறவரு இல்லைன்னுதான் இவ்வளவு தூரம் நடந்து வர்றது.”

* * *

சமையல்கட்டில் அவர் மனைவி சந்திரமதி புட்டியை வெந்நீரில் போட்டிருந்தாள். நகத்தால் சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மாட்டின் படம் ஒன்றும் அதில் இல்லை, இங்கிலீஷ் எழுத்துதான். இருந்தாலும் சுரண்டினாள்.

“என்ன செய்யறே?”

“அண்ணி கோயில்ல நாலு பேரைப் பார்க்கிறவங்க. யாராவது படிச்ச பிள்ளைகிட்ட காட்டிட்டா?”

“சொல்லாம எப்படிப் போடறது?”

“சொல்லிப் போட முடியுமா? என்னங்க, நான் ஒண்ணு கேக்கிறேன். அவங்க விழுந்தா தூக்கறது யாரு? கக்கூஸுக்குக் கூட்டிப் போறது யாரு? சாமியா வரும்? நீங்களா வருவீங்க? நான்தான்.” சீட்டு உரிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. உதறினாள். “சத்து ஊசின்னு சொல்லுங்க. பொய்யா அது?”

“பொய்யில்லை.”

“பின்னே?”

சயாமில் அவர் பொய் சொன்னதுண்டு. கலியாணசுந்தரம் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் ஒரு கிராணி. சுத்த சைவம். மழைக்காலத்தில் படுத்துவிட்டான். காவல்காரர்கள் மாட்டை அறுத்தபோது மாணிக்கவாசகம் எலும்பைப் பொறுக்கிக் கொதிக்கவைத்து, பயறுத் தண்ணீர் என்று சொல்லி ஊட்டினார். இருபது நாள் ஊட்டினார். மணம் தெரியாமல் இருந்திருக்காது. கிராணி ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காதவனிடம் சொல்லும் பொய்யில் பாதியை அவனும் சுமந்துகொள்கிறான்.

“பூசாரியைக் கேட்டுப் பாருங்களேன்” என்றாள் சந்திரமதி, கொஞ்சம் இறங்கி. “பரிகாரம் இருக்கும்.”

“அக்கா பூசாரியைக் கேட்டா வேண்டிக்கிச்சு?”

எஃகுப் பெட்டியில் ஊசியையும் கண்ணாடிக் குழலையும் போட்டு மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்தார். தண்ணீர் கொதித்தது. குழல் பெட்டியில் மோதிக் கிணுகிணுவென்றது. வேண்டிய நேரத்துக்கு மேலும் கொதிக்கவிட்டார்.

நான்கு மணிக்கு அக்கா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் அரிசியைத் துழாவின. கல்லைத் தாண்டிப் போயின. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தாள். கையிலும் இறங்கிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

புட்டியை மேசைமேல் வைத்தார். பஞ்சை நனைத்தார்.

“ஊசியா?”

“சத்து ஊசி. டாக்டர் கொடுத்தது.”

அக்கா முறத்தை இறக்கிவைத்தாள். புட்டியை எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியில் பசை மட்டும் பிசுபிசுத்தது.

“சீட்டு எங்கே?”

“உரிஞ்சுபோச்சு.”

“சீட்டு இல்லாத பாட்டிலைத் தொடாதேக்கா, எந்த நாட்டு ராஜா கொடுத்தாலும் தொடாதேன்னு நீதானே சொல்லுவே? தோட்டத்துல இந்த ஒண்ணுக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கே?”

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

மாணிக்கவாசகம் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டார். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். சின்ன வயதில் அவள் சோறு ஊட்டும்போது உட்கார்ந்ததைப் போல.

“அக்கா, அந்த மஞ்சள் மாத்திரை.”

“ம்.”

“அது தப்பு. அது உன் ரத்தத்தைத் தேத்துச்சு. காலைத் தின்னுருச்சு. டாக்டர் உன்னைத் தள்ளலை. நீயாத்தான் விழுந்தே. நான் கொடுத்ததால விழுந்தே.”

அக்கா தன் காலைப் பார்த்தாள். குதிகாலில் அவர் கட்டிய கட்டு வெள்ளையாக இருந்தது. பெருவிரலை அசைக்க முயன்றாள். அசைந்ததா என்று பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

“தெரிஞ்சா கொடுத்தே?”

“இல்லைக்கா.”

“அப்ப விடு.”

“விடறதுக்கில்லை. இந்த ஊசியை இன்னைக்கே ஆரம்பிச்சாத்தான் காலாவது கையாவது மிஞ்சும். வேற மருந்து வர ரெண்டு மாசமும் ஆகலாம். அதுவரை தாங்காது.”

“இதைப் போட்டா நடப்பேனா?”

“இருக்கிற நடை இருக்கும்.”

“பால் குடம் எடுப்பேனா?”

அவர் தலையை மட்டும் அசைத்தார். ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாத அசைவு.

அக்கா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தேயிலை நிறம் அவள் புறங்கையில் விழுந்தது. பிறகு புட்டியை அவர் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். ஒரு விரலை மட்டும் தொடாமலே, மடக்கிவிட்டதாக நினைத்து விட்டுவிட்டாள். இடது கைச் சட்டையை மேலே ஏற்றிக்கொண்டாள்.

“மாத்திரையை நீ கொடுத்தே, நான் என்னன்னு கேக்கலை. இதைக் கேக்கிறேன். கவிச்சின்னு சொன்னா நான் வேணாம்பேன். இல்லைன்னு சொன்னா போட்டுக்குவேன். நீ எதைச் சொன்னாலும் நம்புவேன், தம்பி. சொல்லு, இது எதுலேர்ந்து எடுத்தது?”